சுருள்

முதலில் மெகசின்.
பிறகு அறைக்குள் ஒரு பார்வை.
பிறகு சுண்டுவிரலை விட்டு இன்னொரு பார்வை.
கண்ணை நம்பாதே என்று
பயிற்சிக் கல்லூரியில் சிங்களத்தில் சொன்னதை
என் விரல் தமிழில் மனப்பாடம் செய்திருக்கிறது.

நானுஓயாவில் இரும்புக்குப் பன்னிரண்டு மாதமும் மழைக்காலம்.
முந்தாநாள்தான் துடைத்தேன்.
இன்று குழலின் வாயில் மஞ்சள் பூத்திருக்கிறது,
ஊறுகாய்ப் போத்தல் மூடியைப் போல.

பழைய பத்திரிகை விரித்தேன், மரண அறிவித்தல் பக்கம்.
மேல்மூடியை முன்னால் தள்ளி உருவினேன்.
சுருள், அதன் வயிற்றுக்குள் ஓடும் தண்டு, குழல்.
சிவில் உடுப்புக்குள் மறைக்கக் கொடுத்த சின்னச் சாமான்.
கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கும்.
கழற்றிப் போட்டால்
அரை மேசை கேட்கிறது.

எண்ணெய்த் துணியைக் குழலுக்குள் விட்டபோது
அவள் வந்தாள்,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.
கோயில் இல்ல, போட்டுக்கிட்டு வாங்க என்றேன்.
போடவில்லை.
சார்ஜன்ட் விஜேகோன் தாடையால் என்னைக் காட்டினார்.
தமிழ் வந்தால் அது என் மேசை.

பெயர் சிவனம்மா.
தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டாளாம்.

"வீட்டுக்காரருகிட்ட ஒன்னு இருக்கு மிஸ்.
கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவுல.
பன்னிக்குன்னு செஞ்சது.
இப்ப பன்னியப் பத்திப் பேசுறதே இல்ல."

அப்புறம் மெதுவாக:
"துவக்க மட்டும் எடுத்துக்கங்க.
ஆள விட்டுருங்க."

முறைப்பாட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.
துவக்கு என்று எழுதினால்
ஆளும் ஜீப்பில் ஏறியாக வேண்டும்.
சொன்னேன்.
தலையை ஆட்டினாள், கடையில் விலை கேட்டுவிட்டுத்
திரும்புகிறவளைப் போல.
ஆனால் போகவில்லை.
பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது என்னா மிஸ், தையல் மிசினா?"

பிஸ்டல் என்றேன்.

"இதுல எது சுடும்?"

நானும் பார்த்தேன்.
குழல் வெறும் குழாய்.
மேல்மூடியைக் கவிழ்த்தால் சோப்புப் பெட்டி.
பிடியில் என் வியர்வை.
ஆறு வருடமாகக் கழற்றிப் பூட்டுகிறேன்,
இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

எதுவுமில்ல, சேர்ந்தாத்தான் என்றேன்.

கொழுந்துக் கறை ஏறிய விரலால்
சுருளை மட்டும் தொட்டாள்.
அது பத்திரிகையில் கொஞ்சம் உருண்டு
யாரோ ஒருவரின் அந்தியேட்டிக் கிரியையில் போய் நின்றது.

"இத எடுத்துட்டா?"

"சுடாது."

சொன்ன பிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.
அதுல வேற மாதிரி இருக்கும், மருந்து போட்டிருந்தா
கிட்டயே போகக் கூடாது என்று
அவசரமாக என்னென்னவோ சேர்த்தேன்.
அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

திறந்த பக்கத்தில் பெயர் பாதி,
தேதி, என் பெருவிரலின் எண்ணெய் ரேகை.
மொகத கிவ்வே என்று சார்ஜன்ட் கேட்டார்.
பன்றித் தொல்லை என்றேன்.
சிங்களத்தில் அது ஒரு பொய்யாகவே ஒலிக்கவில்லை.

பூட்டும்போது சுருள் எப்போதும் எதிர்க்கும்.
அமுக்கினால் கட்டைவிரலைத் தள்ளும்,
கொஞ்சம் சாய்ந்தால் பாயும்.
அன்று பாய்ந்தது.
அலுமாரிக்கடியில் டோர்ச் அடித்து
முழங்காலில் தேடினேன்.
அதுவரை ஆயுதக் களஞ்சியத்துக்கு நான் ஒப்படைக்க வேண்டியது
ஆயுதமே இல்லை.
கிடைத்தது. தூசியைத் துடைத்தேன்.
மேல்மூடியை இழுத்து விட்டு
சுவரைப் பார்த்து வெறுமனே ஒரு அழுத்தல்.
டிக்.
பதிவேட்டில் கையெழுத்து.

மூன்றாவது ஞாயிறு, சந்தையில்,
லீக்ஸ் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் அவள்.
கன்னத்தில் காயம் எதுவும் இல்லை,
இருந்தது என்று நான் எங்கே எழுதினேன்?
கடைக்காரனுக்குக் கொடுக்க
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
இரண்டு நோட்டு, கொஞ்சம் சில்லறை,
இன்னும் ஏதோ ஒன்று,
அதை மட்டும் திரும்ப வைத்துப்
பல்லால் இறுக்கி முடிந்தாள்.

என்னைப் பார்த்தாள்.
நான் கரட் விலை கேட்டேன்.