வினையெச்சம்

ஹோபார்ட்டிலிருந்து ஒரு பெண்
வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்.
அவரது பூட்டனின் தகப்பன்
அயர்லாந்தில் பிறந்து, கொழும்புக் கோட்டையில் சிப்பாயாகி
சார்ஜண்டின் தாடையில் ஒன்று போட்டு
நாடுகடத்தப்பட்டவனாம்.
கண்டுபிடித்தால் பக்கத்துக்கு இவ்வளவு.
நான் பேரம் பேசவில்லை.
தண்ணீர்க் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி.

தும்முல்லையில் இறங்கி நடந்தால்
சுவடிகள் திணைக்களம்.
பை லொக்கரில். பேனா கூடாது, பென்சில் மட்டும்.
பதினொன்றரைக்குத் தள்ளுவண்டியில் வந்தது
1850ஆம் ஆண்டின் கைதிப் பேரேடு.
முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை
ஒரே இடத்தில் பூச்சி ஓட்டை.
ஒருவரையும் விடாமல் வாசித்திருக்கிறது
அந்தப் பூச்சி.

நாற்பத்தொன்றாம் வரியில் இருந்தான்
தேடி ஹன்ராட்டி.
‘தேடி என்றுதான் உச்சரிக்க வேண்டும்,
எங்கள் பக்கத்துப் பழைய ஆண்பெயர்’ என்று
அந்தப் பெண் முன்பே எழுதியிருந்தார்.
தமிழில் குறித்துக்கொள்ளும்போது பென்சில் நின்றது.
பன்னிரண்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு
இலக்கணம் எடுத்த வாய் சும்மா இருக்காது.
தேடி: வினையெச்சம்.
தேடி என்ன?
தேடிப் போனானா, தேடி வந்தானா, தேடிக் களைத்தானா?
முடிக்க ஒரு வினை வேண்டும்.
அந்த வரியில் அது இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது.
ஐந்தடி ஆறரை அங்குலம். சாம்பல் கண்.
கன்னத்தில் அம்மைத் தழும்பு.
இடது முன்கையில் பச்சை குத்திய நங்கூரம்,
அதன் ஒரு முனை அரைகுறை.
வலது சுட்டுவிரலுக்கு நுனி இல்லை.
ஒருவனை இவ்வளவு உற்றுப் பார்ப்பது
காதலியும் சிறைக் கிளாக்கரும்தான்.

அடைத்த இடம்: வெலிக்கடை.
அந்தச் சொல்லை எப்போதும்போல
வேகமாகக் கடந்தேன்.

கடந்ததால் அடுத்த வரியில் விழுந்தேன்.
நாற்பத்திரண்டு.
உயரம்: ஒரு கோடு. அடையாளம்: ஒரு கோடு.
நிறம்: கறுப்பு.
குற்றம்: செட்டியார் தெருவில் ஒரு செப்புக்குடம்.
தண்டனை: மலாக்கா, ஏழு வருடம்.
பெயரை
கத்தன் என்றும் வாசிக்கலாம், கட்டான் என்றும்.

வெள்ளவத்தை லொட்ஜில் இருந்த நாளில்
பொலிஸ் பதிவுத் துண்டுகளில்
என் பெயரை மூன்று விதமாக எழுதினார்கள்.
மூன்றுக்கும் நான்தான் ஆள் என்று
கையொப்பம் வைத்திருக்கிறேன்.
அதனால் கிளாக்கரின் கையை விட்டுவிட்டு
அவனுடைய வாயைக் கேட்கப் பார்த்தேன்.
விசாரணைக் கூண்டில் ஒருவன்
இரண்டாம் தடவை, மெதுவாக,
தன் பெயரைச் சொல்லும் வேகத்தில்
உதட்டுக்குள் சொன்னேன்:
காத்தான்.

நிச்சயமில்லை. பேரேட்டில் சத்தம் இல்லை.
ஆனால்,
தேடி
காத்தான்.
எச்சத்துக்குக் கீழே முற்று.
நடுவில் ஒரு ‘க்’ மட்டும் குறைகிறது,
கால்விலங்கில் ஒரு வளையம் அளவு.

பேசியிருக்க மாட்டார்கள்.
வெள்ளைக்காரக் கைதிக்கு வேறு கொட்டடி, வேறு சாப்பாடு.
பதினேழு நாள் ஒரே மதில்,
ஒரே மழை, ஒரே மணியடிப்பு.
பிறகு ஒருவன் தெற்கே. மற்றவன் கிழக்கே.
ஒருவனைக் கேட்டு
நூற்றெழுபது வருடம் கழித்தும் கடிதம் வருகிறது.

பிரதி எடுக்கும் மேசையில் குசுமலதா
நாற்பத்தொன்றை நடுவில் வைத்து மூடப் போனாள்.
அடுத்தவனின் தலை மட்டும் விழும்.
“இன்னும் கொஞ்சம் கீழே” என்றேன் சிங்களத்தில்.
“ஒரு வரிதானே கேட்டீர்கள்?”
“ஓம். ஒரு பக்கத்துக் காசுதானே?”
வெளிச்சம் ஒருமுறை போய்த் திரும்பியது.

இரவு ஹோபார்ட்டுக்கு எழுதினேன்:
கிடைத்துவிட்டார். கணக்கு இணைத்திருக்கிறேன்.
படத்தில் கீழே இருப்பவர் உங்கள் ஆள் இல்லை.
சட்டம் போடும்போது
வெட்டிவிட வேண்டாம்.