எந்தச் செந்தூல்?

"நான் செந்தூல் ஸ்டேஷனில்தான் நிற்கிறேன்" என்றேன்.
"நானும்தான்" என்றது தொலைபேசி.

என் சட்டைப்பையில் நூற்று எண்பது வெள்ளி, உறையில்.
அவள் கையில் பழைய ஆர்மோனியம், இருக்க வேண்டும்.
பெயர் அமிர்தவேணி. முகம் தெரியாது.
"நீலச் சட்டை போட்டிருக்கேன்."
"இங்கே ஏழு நீலச் சட்டை" என்றாள்.
இங்கே ஒன்றுதான், நான்.
பிறகு ஒரு பூனை, ஒரு துடைப்பம்,
துடைப்பத்தைப் பிடித்திருந்த பஹாரின்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
அவளும் அதையே நினைத்திருப்பாள்,
ஏழு நீலச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக முறைத்தபடி.

பஹாரின் சும்மா இருக்கவில்லை.
"செந்தூல்னா பழம், அண்ணே.
மஞ்சள் தோல், உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை, புளிப்பு.
கொட்டையை மட்டும் விழுங்கிடாதே."
மரம் எங்கே என்று கேட்டேன்.
துடைப்பம் கார் நிறுத்துமிடத்தைக் காட்டியது.
அங்கே இருந்திருக்கலாமாம்.

நானோ ஐந்தாம் வகுப்பில் வேறு மாதிரி எழுதியவன்.
ரயில் பட்டறையில் இரும்பு அறுத்தவர்கள்
சாயங்காலம் சட்டையை உதற
பறந்ததே செந்தூள், அதுவே ஊருக்குப் பெயர் என்று.
லகரம் ளகரமாக ஒரு சின்ன வளைவு போதுமே.
திருமதி கனகாம்பரம் ஓரத்தில் எழுதினார்: ஆதாரம்?
சிவப்பு மையில்.
மை என் கட்சி என்று அன்று வீடுவரை நம்பினேன்.

வாழைப்பழம் பொரிக்கும் சுலாஸ்த்ரிக்கும் ஊர் செந்தூல்தான்,
கடல் தாண்டி, போகோர் பக்கம்,
பந்தயக் கார்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கிழிக்கிற செந்தூல்.
அம்மாவுக்கு அனுப்பிய செருப்பு
பதினேழு நாள் ஊர் சுற்றிவிட்டு
அவள் கதவையே தட்டியதாம்.
"அளவு எனக்கும் சரியா இருந்துச்சு" என்று
காலைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் தெறித்திருந்தது.

பெயர் எல்லா நேரமும் இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.
முதல் நேர்காணலில் முகவரியைப் படித்தவர்
பேனாவை நிறுத்தினார்.
"செந்தூலா..."
அந்த மூன்று புள்ளிகளுக்குள்
நான் போடாத சண்டையெல்லாம் இருந்தது.
அண்ணன் வரன் பார்த்த காலத்தில்
"ஜாலான் ஈப்போ பக்கம்" என்றே எழுதினான்.
இப்போது நாற்பது மாடிக்காரர்கள்
அதே பெயரை ஆள் உயர எழுத்தில் விளக்குப் போட்டு
சதுர அடிக்கு விற்கிறார்கள்.
அண்ணன் இன்று முழுதாக எழுதுகிறான், அஞ்சல் குறியீட்டோடு.

மறுபடி தொலைபேசி.
"ஹலோ, நீங்க கொமுட்டரா, எல்.ஆர்.டி.யா?"
இருவரும் ஒரு நொடி பேசவில்லை.
ஒரு பெயரை இரண்டு கூரைகளுக்கு மாட்டிவைத்தவன்
எந்த மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறானோ.

"அங்கேயே இருங்க, நடந்து வர்றேன்" என்றேன்.
"வரும்போதே கேட்டுப் பாருங்க, ஓடுதான்னு."
துருத்தி மூச்சு வாங்கியது.
அவள் பிடித்தாள், ச.

எந்தக் கட்டை என்று கேட்க வாய் வந்தது.
ஒன்றில் பிடித்தாலும் அது ச,
ஐந்தில் பிடித்தாலும் அதுவே ச.
பிடித்தவர் எங்கே நிற்கிறாரோ
அங்கிருந்து ஊர் ஆரம்பிக்கிறது.
மோட்டார் சைக்கிள்கள் நடுவில்
காதோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.
ச, ரி, க, பிறகு ஒரு வெறும் காற்று.

"அந்த ஒரு கறுப்புக் கட்டை பேசாது" என்றாள்,
"பத்து வெள்ளி குறைச்சுக்குங்க."