இருட்டு வாடகை

பாசலிலிருந்து சூரிச் வரைக்கும்
தண்டவாள ஓரம் புதைத்த குழாயில்
எங்கள் கொம்பனி வாடகைக்கு விடுவது இருட்டை.
மீட்டருக்கு இவ்வளவு, வருசத்துக்கு இவ்வளவு.
வெளிச்சம் வாடகைக்காரன் பொறுப்பு.

நேற்றுப் பின்னேரம், ஓல்டனுக்கு இந்தப் பக்கம்,
பீட்ரூட் வயலுக்கு வடிகால் வெட்டிய ஒருவர்
இரண்டு நகரங்களையும் சேர்த்து அள்ளிவிட்டார்,
ஒரே வாளியில், மண்புழுவோடு.
வேரென்று நினைத்தாராம்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
அரை மணித்தியாலம் நின்றார்,
செத்தவீட்டுக்கு வந்தவர் போல.

நூற்று நாற்பத்து நான்கு இழைகள்.
கூடாரத்துக்குள் ஊர்ஸ் விளக்குப் பிடிக்கிறான்.
உரித்து, துடைத்து, வெட்டி,
இரண்டு நுனியையும் முகத்துக்கு முகம் வைத்தால்
சின்னதாய் ஒரு பொறி. ஒட்டிக்கொள்கிறது.
இழப்பு பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
சரக்கு ரயில் போகும்போது மட்டும்
கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேணும்,
தேத்தண்ணி நடுங்கி அடங்கும்வரை.

சூரிச்சிலிருந்து மிர்ஜெட்டா போனில்:
எத்தனையாவது?
அவளுடைய திரையில் சிவப்பெல்லாம்
ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறுகிறது.
ஒரு வங்கி எழும்பியது. ஒரு ஆஸ்பத்திரி.
யாரோ ராவிரவாய்ப் பார்க்கிற பந்தாட்டம்.

விடியப்புறம் மிச்சம் தொண்ணூற்றேழாவது.
அதை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை.
புதைத்த நாளிலிருந்து
ஒரு சொட்டு ஒளி போகாத கண்ணாடி.
விடு, நாளைக்குப் பார்க்கலாம் என்றான் ஊர்ஸ்.
எனக்கும் கண் எரிந்தது.
உரித்தேன். துடைத்தேன்.
பொறி விழுந்தது.

பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம்.

அன்றிரவில் இதொன்றுதான் அப்படி.
ஊர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
வீண் என்றான்.
பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை குனிந்து பார்த்தான்.