பெண்சிவப்பு

முதல் சீசாவில் பூஞ்சை பூத்தது.
மழை விட்ட கையோடு பறித்ததற்குக் கூலி.

எள் முளைக்காத ஹீயுமா தீவில்
எண்ணெய் என்றால் சூரியகாந்தி.
சூரியனுக்குத்தான் தட்டுப்பாடு.

இம்முறை வைகே
மஞ்சள் பூக்களைப் பழைய செய்தித்தாளில் பரப்பி
இரண்டு இரவு வாடவிட்டாள்.
மொக்கை நசுக்கினால் விரலில் ரத்தக்கறை:
பெண்சிவப்பு என்று அவள் மொழியில் பேர்.

பூ முங்க எண்ணெய்.
மூடிக்குப் பதில் துணி, ரப்பர் வளையம்.
தபால் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில்
ஏறி உட்கார்ந்தது சீசா.
தீவில் அதைவிடச் சூடான இடம் கிடையாது.

நாற்பது நாள்
ஓய்வூதியக் கடிதங்களோடு,
ஒரு விவாகரத்து நோட்டீசோடு,
வளைவுதோறும் தளும்பித் தளும்பி
ஊர் சுற்றியது.
மஞ்சள், செம்பு, பிறகு
பிரேக் விளக்கின் நிறம்.

வடிகட்டினாள். பிழியவில்லை;
பிழிந்தால் அடியில் நீர் இறங்கும்.
எண்ணெய் ஐந்து பங்கு, தேன்மெழுகு ஒன்று.
குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டு
உறைகிறதா என்று பார்த்தாள்.

படகுத்துறையில் கயிறு இழுக்கும் என்டெல்
கையெழுத்துப் போடும் தாளிலெல்லாம்
வெடித்த விரலின் சிவப்பு ஒட்டும்.

இன்று அவனுக்குத் தபால் எதுவும் இல்லை.
வண்டி நின்றது.