சும்மா நிற்கும்போது

நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு
இந்த நாட்டில் சாலை வரி கிடையாது.
தாண்டிய எனக்கு எல்லா வரியும் உண்டு.
அதனால்தான் வாங்கினேன்,
அறுபத்து மூன்றில் பிறந்த மோரிஸ் மைனரை,
ஆயிரத்து நானூறு பவுண்டுக்கு.
ஹாலிஃபேக்ஸ் மேட்டுத் தெருவில் அதற்கொரு தகரக் கொட்டகை,
வாடகை தனி.

இரவில் எனக்கு ஒன்பது வீடு.
மருந்து, டயப்பர், புரட்டிப் படுக்கவைத்தல்,
கையெழுத்து, அடுத்த வீடு.
ஒன்பது தரம் நிறுத்தி ஒன்பது தரம் கிளப்பினால்
டைனமோதான் என்ன செய்யும் பாவம்.
ஓடினால் சம்பாதிக்கும், நின்றால் கடன் வாங்கும்.
சிக்னலில் நிற்கையில்
முகப்பு விளக்கு மஞ்சள் பூத்துப்போகும்,
வைப்பர் பாதிக் கண்ணாடியில் யோசித்து நிற்கும்.
யார்க்‌ஷர் மழை யோசிப்பதே இல்லை.

இன்னொன்று: இந்த வண்டிக்கு
நேர்முனைதான் எர்த்.
கோவில்பட்டி பாலிடெக்னிக்கில் மூன்று வருடமும்
எதிர்முனையைத்தான் உடம்போடு கட்டச் சொன்னார்கள்.
ஆல்டர்னேட்டரும் அந்தப் பள்ளிக்கூடம்தான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பேட்டரியைத் திருப்பி வைத்தேன்,
காயிலின் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன்,
ரெகுலேட்டருக்குப் போன தடித்த ஒயர்களை
ஒன்றாய் நசுக்கிச் சேர்த்தேன்.
வெறும் ரெகுலேட்டர் பெட்டி
அதே இடத்தில் இருக்கிறது,
இலாகா இல்லாத மந்திரி.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால்
பாயிண்ட் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்
கருகிக் கிடந்தன.
நடுவே இருக்க வேண்டிய தூரம்
ஓர் அங்குலத்தை ஆயிரம் ஆக்கினால் அதில் பதினைந்து.
அளப்பதற்கு ஒரு தகடு உண்டு.
அப்படியொன்று எங்கள் வீட்டில் இருந்திருந்தால்
நானும் செண்பகராஜும் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.
இப்போது அங்கே ஒரு காந்த வளையம்,
பக்கத்தில் கறுப்பாய் ஒரு சில்லு.
தொடாமலே தெரிந்துகொள்கிறது,
எப்போது பொறி வேண்டும் என்று.
பழசைத் தூக்கிப் போடவில்லை.
இருமல் மிட்டாய் டப்பாவில் அடைத்து வண்டியிலேயே வைத்தேன்.
சில்லு சொல்லிக்கொண்டு சாகாதாம்.

சாவியைத் திருப்பினேன். முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி மூன்று.
ஏறவில்லை.
பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், ஒயரை உருவிப் பார்த்தேன்,
நாலு மணிக்கே இருட்டிவிட்டது. திட்டினேன், தமிழில்.
தகரத்துக்கு அப்பால் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.
அப்புறம்தான் உறைத்தது:
சாவி போட்டதும் எரிய வேண்டிய
சின்னச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.
குறை சொல்ல மட்டும் வைத்த விளக்கு
என்றிருந்தேன் இத்தனை நாள்.
அதன் வழியே போகும் சொட்டு மின்சாரம்தான்
ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது.
இரண்டு வாட் பல்ப். திங்கட்கிழமை. ஒரு பவுண்டு இருபது பென்ஸ்.
பதினாலு புள்ளி இரண்டு,
சும்மா நிற்கும்போதே.

புதன் இரவு ஏழாம் வீட்டில்
திருமதி ஹோல்ராய்டு முகம் கொடுக்கவில்லை.
"நேற்று நீ போகவே இல்லை."
போனேனே.
"மூன்று தரம் இருமும், நாலாவதில் பிடிக்கும்,
அப்புறம் மேட்டில் முனகும்.
அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கண்ணை மூடுவது.
விடியும்வரை நீ கீழேயே நிற்கிறாய்
என்று படுத்துக் கிடந்தேன்."

பராமரிப்புப் படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லை.
ஹாரன் அடித்தால் தெரு எழுந்துவிடும்.
மிட்டாய் டப்பாவை ஒரு கணம்
நினைத்தேன், சத்தியமாக.

இப்போதெல்லாம் கிளப்பியதும் நகர்வதில்லை.
ஹீட்டர் ஓடுகிறது, வைப்பர் ஓடுகிறது,
மாடி ஜன்னலுக்கு நேரே வண்டியைத் திருப்பி
பெரிய விளக்கை இரண்டு தரம் அடிக்கிறேன்.
மங்குவதில்லை.
கைத்தடியின் நுனி திரையை லேசாக அசைக்கும்.
எட்டாம் வீடு.