பாக்கி

ஒன்றாம் தேதியிலிருந்து
எல்லா நம்பரையும் கம்பெனிக்காரனுக்குத்
திறந்துவிடப் போகிறார்களாம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த
இருபத்தைந்து நிமிடத்தில்
செய்தி தண்டவாளத்தைத் தாண்டி
அந்தப் பக்கம் போய்விட்டது.
டேங்கர் ரயில்தான் இன்னும் போய் முடியவில்லை.

பத்துப் பேருக்கு அனுப்பினால்
உன் நம்பர் தப்பிக்கும் என்றது மெசேஜ்.
என் கடையில் டாப்அப் போட்டுக்கொண்டு
பத்துப் பேருக்கு அனுப்பினார்கள்.
அன்றைக்கு நல்ல வியாபாரம்.

ஆளுக்கொன்று சொன்னார்கள்.
வெள்ளத்தில் ரொட்டி கொடுத்தவன்
எழுதிக்கொண்டு போனானே, அது, என்றார் தேசப்பன்.
எம்.சி. ரோட்டில் துணி எடுத்தபோது
தங்கக்காசுக் குலுக்கலுக்கு எழுதிப்போட்ட சீட்டு
என்றாள் ஷம்ஷாத்.
மணலிப் பக்கம் புதிதாய் நிற்கிற டவர்
பைக்குள் இருக்கும் போனையும் எட்டிப் படிக்கும் என்றான்
மீன்பாடி வண்டி டில்லிபாபு.
"சுவிட்ச் ஆஃப் பண்ணா?"
"பண்ணாலும்."
"பேட்டரிய கழட்னா?"
அவன் யோசித்தான்.
நான் "சேட்டிலைட்டு" என்று சொல்லிவைத்தேன்.
எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
கேபிள் வயர்கள், ஒரு காக்கா,
அதற்கு மேல் ஆலைப் புகை.

கல்லாவுக்குப் பக்கத்தில்
நூலில் கட்டிய பேனாவோடு தொங்கும்
லாங் சைஸ் நோட்டை
யாரும் பார்க்கவில்லை.

சித்திரையில் ஒருத்தன் வந்தான்.
இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அட்டை.
நோட்டைக் கொடு, போட்டோ எடுத்துக்கிறேன்,
பக்கத்துக்கு ஐம்பது ரூபாய்.
கரண்ட் பில் கட்ட வேண்டியிருந்தது.
கரண்ட் பில் என்று இப்போதுதான் சொல்கிறேன்,
அப்போது அப்படியொன்றும் நினைக்கவில்லை.
பத்தொன்பது பக்கம்.
அட்டைக்கும் சேர்த்துக் கேட்டேன், தரவில்லை.

ஒன்றாம் தேதி வந்தது, கேட் மூடியது.
நின்ற வண்டிகளில் ஒன்று விட்டு ஒன்றாய்
போன் அடித்தது.
வட்டிக்கு விடுகிறவரிடமே
லோன் வேண்டுமா என்றார்கள்.
தேசப்பனுக்கு வண்டலூர் தாண்டி ஒரு வில்லா.
டில்லிபாபு "ஹோல்டு பண்ணும்மா" என்று
போனை சீட்டில் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.

நண்டு விற்கிறவள் என் கடை நிழலில்
கூடையை இறக்கியிருந்தாள்.
கையெல்லாம் ஐஸ் தண்ணீர், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், பாக்கி மேடமா பேசறது?"
"யாரு?"
"பாக்கி மேடம். உங்களுக்கு ஒரு ஆஃபர் மேடம்."
"பாக்கின்னு இங்க யாரும் இல்லம்மா."
"பாக்கி பத்துன்னு போட்டிருக்கு மேடம்."

அவள் போனைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு நோட்டை.

ஈர விரலால் பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள்.
நான் யாருக்கும் பேர் எழுதியதில்லை.
பச்சைக் கதவு. பையன் குவைத்.
ரெண்டாவது சம்சாரம்.
நடுவே அவள் நம்பர்,
எதிரே என் கையெழுத்தில்
பாக்கி 10.

கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன்.
கூட்டவே வேண்டாம்,
ஊரே கேட்டில்தான் நின்றது.

"இன்னா நைனா,
பொங்கலுக்கு முன்னயே குட்த்துட்டனே அத்த.
இன்னும் அடிக்கலியா நீ?"

நூலோடு பேனாவை இழுத்து அவளே அடித்தாள்.
இன்னொரு முறையும்.
தாள் கிழிந்து
அடுத்த பக்கத்து நம்பர் ஒன்று தெரிந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"
அந்தக் குரலுக்குப் பின்னால்
நூறு குரல்கள் நூறு பேரை
மேடம் என்றுகொண்டிருந்தன.
"இருக்கேன்மா. எம் பேரு கிறிஸ்டில்டா.
சரியா எழுதிக்கோ."
அந்தப் பெண் எழுத்துக் கூட்டிக் கேட்டாள்.
இவள் பொறுமையாய்ச் சொன்னாள்.
எனக்கும் அப்போதுதான் தெரியும்.

கேட் திறந்தது. கூடையைத் தூக்கிவிட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ரீசார்ஜுக்கு வந்தாள்.
நோட்டை நான் எடுக்கவில்லை,
அவள் சொல்லச் சொல்ல போனில் அழுத்தினேன்.
ஒன்பது இலக்கம் சொல்லி நிறுத்திவிட்டு
கல்லாவுக்கு மேல் கையை நீட்டி
பத்தாவதை
அவளே அழுத்தினாள்.