கோடைத் தேன்

பாத்திரம் கழுவிய தண்ணீர் போல
காலையில் நுரைத்தது என் சிறுநீர்.
குமிழிகள் அடங்க எத்தனை மூச்சு என்று
எண்ணிக்கொண்டு நிற்பேன்.
அன்று பதினேழு.

தாய்னிங் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கிழிப்பவள் நான்.
மாலையில் செருப்பைக் கழற்றினால்
வாரின் தடம் காலில் பள்ளமாக நிற்கும்,
ராத்திரிச் சோறு முடியும் வரை.

மருந்துச் சீட்டுக்கு மேலே பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
டாக்டர் குவாங் கேட்டார்:
"பிள்ளை பெறும் எண்ணம் உண்டா?"
மழை வருமா என்று கேட்கும் குரலில்.
வெளியே என் கணவன் குடையை உதறிக்கொண்டிருந்தான்.
அவனைக் கூப்பிடவா என்று அவர் கேட்கவில்லை.
நானும் கூப்பிடவில்லை.

இடிதேவன் கொடி.
எங்கள் மலையில் வேலிக்கு வேலி கிடக்கும்.
அதன் இலையை இடித்துக் கரைத்து
பயிரில் பூச்சிக்குத் தெளித்த காலம் உண்டு.
வேரின் தோலை உரித்தெறிந்துவிட்டு
உள்கட்டையைக் காய்ச்சி வடித்தால்
வெள்ளை மாத்திரை, சட்டைப் பித்தான் அளவு.

"உடம்பு தன் வடிகட்டியைத் தானே கடிக்கிறது.
கடிக்கிற வாய்க்கு இது கடிவாளம்."
வாய் எது, வயிறு எது என்று
கடிவாளத்துக்குத் தெரியுமா, டாக்டர்?
கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் வாரம் நுரை இல்லை.
வெறும் மஞ்சள். மட்டமான, சாதாரண, அழகான மஞ்சள்.
பேருந்து நிலையக் கழிப்பறையில்
யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷத்தில்
இரண்டு முறை தண்ணீர் விட்டேன்.

பன்னிரண்டாம் வாரம் விலக்கு வரவில்லை.
பதினாறாம் வாரமும்.
பஞ்சுப் பொட்டலம்
பிரிக்காமல் அலமாரியில்.

ஜூன் கடைசியில் கொழுந்தன் தேசெங்
தேன்பெட்டிகளைத் திறந்தான்.
கொடி பூத்துவிட்டது, இனி எடுக்கிற தேன் ஆகாது.
முன்னொரு கோடையில் அதை நக்கிய மரவெட்டிகள் இருவருக்கு
மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனதாம்.
அடை அடையாகப் பிழிந்து குழியில் ஊற்றினான்.
கறுத்த தேன். காட்டமான வாசனை.

"உன் மாத்திரை இதே செடிதானே, அண்ணி?"
"ஆமாம்."
"ம்" என்று மண்ணைத் தள்ளினான்.

தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
மண் மூடாத ஓரத்தில் உட்கார்ந்து
தங்கள் தேனைத் திரும்ப எடுத்துப்போயின.

டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார்.
பாதியில் எது திரும்பும், நுரையா மற்றதா,
போகப் போகத்தான் தெரியுமாம்.
இரவு அடுக்களைக் கத்தியால்
மாத்திரையை இரண்டாக்கித் தருகிறான் கணவன்.
"பாதி போதும் என்றால் குணமாகிறது, இல்லையா?"
அவன் கண்ணில் அவ்வளவு வெளிச்சம்.

பலகையில் சிந்திய வெள்ளைத் தூளை
ஊதிவிடக் குனிந்தான்.
அவன் வாயைக் கையால் பொத்தினேன்.